ஜூலிக்கு ஆபரேஷன் பண்ணலாமா? நாய் வண்டியிலிருந்து கருத்தடை வரை, சென்னையின் கதை

இந்த எபிசோட் ஒரு ராத்திரி ரெண்டரை மணிக்கு, தண்டையார்பேட்டையில எங்க வீட்டு வாசல்ல ஆரம்பிக்குது.

கேட்டுக்கு வெளியே ஏழு நாய்ங்க. அதுல ரெண்டுதான் எங்க தெரு நாய். மிச்சம் அஞ்சும் எங்கிருந்து வந்துதுன்னு தெரியல. ரயில்வே லைனைத் தாண்டி கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஒண்ணு கேட்டைப் பிறாண்டுது, ரெண்டு சண்டை போடுது, மிச்சதெல்லாம் உக்காந்து பொறுமையா காத்துட்டு இருக்கு. உள்ளே எங்க ஜூலி. வயசு பத்து மாசம். போன வருஷம் மழையில, நின்னுட்டிருந்த ஒரு ஆட்டோவுக்கு அடியில கிடைச்சவ. முதல் தடவையா ஹீட்டுக்கு வந்திருக்கா. எங்க ஆயா கையில துடைப்பத்தோட வாசப்படியில காவல்.

மறுநாள் காலையில காபியோட பஞ்சாயத்து ஆரம்பிச்சுது. நான் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொன்னேன். ஆயா ஒத்துக்கல.

"பாவம்டி. ஒரு தடவையாவது குட்டி போடட்டும். அப்புறமா பண்ணிக்கோ."

"அஞ்சாறு குட்டி போட்டா எங்க வெக்கிறது ஆயா?"

"யாராச்சும் எடுத்துக்குவாங்க."

அதுவரைக்கும் பேசாம இருந்த அம்மா கேட்டாங்க: "ஆம்பளக் குட்டிய எடுத்துக்குவாங்க. பொட்டக் குட்டிங்கள யார் எடுப்பா?"

யாரும் பதில் சொல்லல. ஜூலியையே யாரோ அப்படித்தான் மழையில விட்டுட்டுப் போயிருக்காங்க. யாருக்கும் வேண்டாத அந்தக் குட்டிகள் எல்லாம் இத்தனை வருஷமா எங்கே போச்சு? இந்தக் கேள்விக்கு சென்னைகிட்ட ஒரு நீளமான பதில் இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

நாய் வண்டி

ஆயாவுக்கு சின்ன வயசுல ஞாபகம் இருக்கிற ஒரு விஷயம், கார்ப்பரேஷன் நாய் வண்டி. வண்டி தெருமுனையில திரும்பினதுமே பசங்க கத்திக்கிட்டே ஓடி வருவாங்களாம். எல்லாரும் நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாங்களாம். கழுத்துல பட்டை இருந்தா தப்பிக்கும். இல்லேன்னா வண்டிக்குள்ள. போன நாய் திரும்பி வந்ததா அவங்களுக்கு ஞாபகமே இல்லை.

அந்த வண்டிக்குப் பின்னால ஒரு பழைய கொள்கை இருக்கு. நம்ம ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பம்பாய் போகலாம். 1832 ஜூன் மாதம். தெருநாயைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று பிரிட்டிஷ் நிர்வாகம் அங்கே காசு கொடுத்துக்கொண்டிருந்தது. காசு என்றதும் பிடிப்பவர்கள் தெரு நாய், வீட்டு நாய் என்று பார்க்கவில்லை. நாயை மதித்துப் போற்றும் மரபு கொண்ட பார்சிகள் கடைகளை அடைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். கோட்டைக்குள் இருந்த பட்டாளத்துக்குப் போக வேண்டிய சாமான்களைக்கூட மறித்தார்கள். பம்பாய் நாய்க் கலவரம் என்று வரலாற்றில் அதற்குப் பெயர்.

கலவரம் அடங்கியது. கொல்லும் வழக்கம் அடங்கவில்லை. மெட்ராஸில் நாய்களைப் பிடித்துக் கொல்வது 1860-ல் தொடங்கியது என்று ப்ளூ கிராஸ் அமைப்பைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஒரு நாய்கூட இல்லையாம். 1995-ல், அவர் தரும் கணக்குப்படி, ஒரு நாளைக்கு 135. வருஷக் கணக்காப் போட்டா ஏறக்குறைய 49,000. எழுபதுகளில் கொல்லப்பட்ட நாய்கள் அவ்வளவு அதிகம் என்பதால், அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் கழுத்து டை, பர்ஸ் எல்லாம் வடிவமைத்துப் பார்த்ததாகவும் அவர் சொல்கிறார்.

இதைக் கேட்டதும் கோபம் வரும். ஆனா இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகணும். அந்த பயம் பொய் பயம் இல்லை. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பிச்ச பிறகு ஒரு மனுஷனைக் காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம், இன்னைக்கும். பாஸ்டர் தன் தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885-ல். தென்னிந்தியாவுக்கென்று குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது 1907-ல். அதற்குப் பிறகும் ஊசி கிடைக்காமலோ, தாமதமாகவோ, பாதியில் விட்டோ இறந்தவர்கள் ஏராளம். எங்க பேட்டையில இருக்கிற மாநகராட்சித் தொற்றுநோய் மருத்துவமனையை வடசென்னைக்காரங்களுக்கு நல்லாத் தெரியும். காலரா, தொண்டை அடைப்பான் வந்தவங்களோட, நாய்க்கடியால ரேபிஸ் வந்தவங்களையும் கொண்டுபோற இடம் அதுதான். அந்த மதில் பக்கமா நடந்து வளர்ந்த யாரும் "நாய் வண்டி அநியாயம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட மாட்டாங்க.

கேள்வி வேற. நூறு வருஷத்துக்கு மேல கொன்னும் நாய் ஏன் குறையல?

குறையாத கணக்கு

ஒரு பெண் நாய் பொதுவா ஆறேழு மாசத்துக்கு ஒரு தடவை ஹீட்டுக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள், அதாவது ரெண்டே மாசம். ஒரு ஈத்துக்கு நாலு, அஞ்சு, ஆறு குட்டி. வண்டி ஒரு தெருவைக் காலி பண்ணினா, அந்தத் தெருவோட குப்பைத்தொட்டியும் மீன் கழிவும் அப்படியேதான் இருக்கும். பக்கத்துத் தெரு நாய் அங்கே வந்து குட்டி போடும். போதாததுக்கு, வண்டியில சுலபமா மாட்டுறது ஆளைப் பார்த்து வாலாட்டுற நாய்தான். மிரண்டு ஓடுற நாய் தப்பிச்சிடும்.

இந்தக் கணக்கைக் கையில் எடுத்தவர்கள் பற்றித்தான் அடுத்த கதை.

கேப்டன் வி. சுந்தரம் ஒரு விமானி. 1959-ல் சென்னையில் பெருமழை. தெருவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை அவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ப்ளூ கிராஸ் அங்கேதான் தொடங்கியது. 1964-ல் முறைப்படி பதிவானது. அதே 1964-ல் சுந்தரமும் அவருடைய மகன் சின்னி கிருஷ்ணாவும் அந்த அமைப்பில் இருந்தவர்களும் மாநகராட்சியிடம் ஒரு யோசனையோடு போனார்கள். கொல்லாதீர்கள். பிடியுங்கள், கருத்தடை செய்யுங்கள், ரேபிஸ் ஊசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே விடுங்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஏபிசி என்று பெயர் வைத்தார்கள். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாடு என்பதன் சுருக்கம். அரிச்சுவடி போல எளிதானது என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடும்.

எளிதாக நடக்கவில்லை. ஆனா அதுக்கு வைத்தியம் தெரியாதது காரணம் இல்லை. பெண் பன்றிக்கும் பெண் ஒட்டகத்துக்கும் கருத்தடை செய்வதைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய வித்தை. மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கிறது. கத்தியும் இருந்தது, கை தேர்ந்தவர்களும் இருந்தார்கள். தெருநாய்க்குப் போய் ஆபரேஷனா என்ற கேள்விதான் தடையாக நின்றது.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1995-ல் தென் சென்னையின் ஒரு பகுதியில் மாநகராட்சி இதைச் சோதனை செய்ய ஒத்துக்கொண்டது. 1996 செப்டம்பரில் நகரம் முழுக்க விரிவாக்கியது. 1860-லிருந்து கணக்குப் போட்டால் 136 வருஷம் கழித்து, இந்த ஊர் நாயைக் கொல்வதைக் கொள்கையாக வைத்திருப்பதை விட்டது. 2001 டிசம்பரில் மத்திய அரசு இதையே நாடு முழுமைக்குமான விதியாக்கியது.

வீட்டு நாய், தெரு நாய்

இந்த 2001 விதியிலதான் எங்க வீட்டுப் பஞ்சாயத்துக்கு சம்பந்தப்பட்ட ஒரு வரி இருக்கு. விதி நாய்களை ரெண்டாப் பிரிக்குது: வளர்ப்பு நாய், தெருநாய். தெருநாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியும் விலங்கு நல அமைப்புகளும் பார்க்க வேண்டிய வேலை. வளர்ப்பு நாயின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது, தடுப்பூசி, கருத்தடை, லைசன்ஸ் எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. 2001 விதிக்குப் பதிலாக 2023-ல் வந்த புது விதியும் அந்தப் பொறுப்பை வளர்ப்பவரிடமே வைத்திருக்கிறது.

காகிதத்துல ரெண்டு வகை. தண்டையார்பேட்டையில அப்படி ஒரு கோடு கிடையாது. ஒரே நாய் பகல்ல டீக்கடைக்குச் சொந்தம், ராத்திரி எங்க வீட்டுக்குச் சொந்தம். வீட்டு நாய் போடுற குட்டியில யாரும் எடுக்காதது மூணாவது மாசம் தெருநாய். அதாவது, தெருநாய்ப் பிரச்சனையோட ஒரு முனை நம்ம வீட்டுக் கேட்டுக்கு உள்ளேயும் இருக்கு.

அந்தக் குட்டிகளுக்கு என்ன ஆகுது? இதை உக்காந்து எண்ணியே பார்த்திருக்காங்க. கொல்கத்தா ஐசர் ஆராய்ச்சியாளர்கள் மேற்கு வங்கத்தில் தெருநாய்களின் 95 ஈத்துகளை, மொத்தம் 364 குட்டிகளை, பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாத வயதை, அதாவது இனப்பெருக்க வயதை எட்டியவை சுமார் 19 சதவீதம். இறந்தவற்றில் அறுபது சதவீதத்துக்கு மேல் மனிதர்களால் இறந்தவை. வண்டி ஏறி, அடிபட்டு, விஷம் வைக்கப்பட்டு, தூக்கிப் போகப்பட்டு.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். முன்னாடி நாய் வண்டி. இப்போ ரோடு.

இந்த விவாதம் இன்னும் முடியலைங்கிறதையும் சொல்லணும். 2024-ல் சென்னை மாநகராட்சி எடுத்த கணக்கில் தெருநாய்கள் ஏறக்குறைய 1.8 லட்சம். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் முடிந்தபின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ரேபிஸ் உள்ள நாய்க்கும் மூர்க்கமான நாய்க்கும் மட்டும் விலக்கு. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாயை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று இன்னொரு உத்தரவு. கருத்தடை பாதியில் நிற்கிற ஊரில் நாய் குறையாது, ஜனங்களோட பொறுமைதான் குறையும். கடிபட்ட குழந்தையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுற அம்மாகிட்ட "ஏபிசி திட்டம் நல்ல திட்டம்"னு சொன்னா என்ன பதில் வரும்னு நமக்குத் தெரியும்.

சரி, ஜூலிக்கு நல்லதா?

ஊருக்கு நல்லதுங்கிறது சரி. ஆனா படுக்க வெச்சு வயித்தைக் கிழிக்கப் போறது ஊரை இல்லை, ஜூலியை. அதனால இந்தக் கேள்வியையும் நேராப் பார்க்கணும்.

இதுக்கு ஒரு நல்ல சாட்சி ஸ்வீடன். அங்கே 1988 வரைக்கும் மருத்துவக் காரணம் இல்லாமல் நாய்க்குக் கருத்தடை செய்வதற்கே சட்டத்தில் அனுமதி இல்லை. இயற்கையாக இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம், கிட்டத்தட்ட எங்க ஆயா கட்சி. அதனால் அங்கே கருப்பையோடு வயசான பெண் நாய்கள் நிறைய. நாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும் பழக்கமும் உண்டு. அந்த இன்ஷூரன்ஸ் பதிவுகளை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வந்திருந்தது தெரிந்தது. பயோமெட்ரா என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அப்போது அவசரமாகச் செய்யும் வைத்தியமும் பெரும்பாலும் இதே ஆபரேஷன்தான், ஆனால் நோயாளியாகிவிட்ட, வயதான உடம்பில்.

அடுத்தது மார்புக் கட்டி. முதல் ஹீட்டுக்கு முன்னாடி ஆபரேஷன் செய்தால் மார்புப் புற்றுநோய் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று 1969-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வை வெட் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 2012-ல் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசியவர்கள், அந்த ஆதாரம் நாம் நினைக்கிற அளவுக்கு வலுவானது இல்லை என்றார்கள். பலன் இருக்கலாம், ஆனால் கல்வெட்டு இல்லை.

மறுபக்கமும் உண்டு. மயக்க மருந்து ஆபத்து, சின்னதுதான் என்றாலும் உண்டு. சில நாய்களுக்குப் பின்னாளில் சிறுநீர் கசியும். பசி கூடி எடை போடும். கோல்டன் ரெட்ரீவர் மாதிரிப் பெரிய இனங்களில் ரொம்பச் சின்ன வயதில் செய்தால் மூட்டுக் கோளாறு கூடலாம் என்று 2013-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. அதே குழு பின்னால் கலப்பின நாய்களைப் பார்த்தபோது, 20 கிலோவுக்குக் குறைவானவற்றில் அந்த ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. ஜூலி 14 கிலோ. உங்க வீட்ல லேப்ரடாரோ ராஜபாளையமோ இருந்தா, எந்த வயசுல பண்றதுன்னு வெட்கிட்ட உக்காந்து பேசுங்க.

நம்ம ஊர்ல கூடுதலா ஒண்ணு. இணை சேரும்போது ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றுகிற ஒரு புற்றுநோய் உண்டு. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாயில் தோன்றிய அணுக்கள்தான் இன்றைக்கும் உடம்பு விட்டு உடம்பு தாவிக்கொண்டிருக்கின்றன. இந்தியத் தெருநாய்களில் இது சகஜம். மருந்து இருக்கிறது, ஆனால் வாராவாரம் ஊசி. கேட்டுக்கு வெளியே காத்திருந்த ஏழு பேரையும் நான் அதுக்கப்புறம் வேற மாதிரிதான் பார்த்தேன்.

"ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்பதற்கு மட்டும் நான் தேடினதுல எந்த ஆதாரமும் கிடைக்கல.

கு.க.

இதையெல்லாம் ஆயாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "அப்போ இதுக்கும் கு.க. ஆபரேஷன்தானே"ன்னாங்க.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. நாம ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைப் பேசறோம், ஆனா வேற வேற விஷயத்தைக் கேக்கறோம். 1952-ல், உலகத்திலேயே முதலாக, தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் கொண்டுவந்த நாடு இந்தியா. அடுத்த சில வருஷங்களிலேயே, ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்த மாகாணம் மெட்ராஸ். சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம். 1975-77 நெருக்கடி நிலையில் வடக்கே ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் கட்டாயமாகச் செய்தார்கள். அந்தக் கெட்ட பெயருக்குப் பிறகு ஆண்களைத் தொட அரசாங்கம் தயங்கியது. பாரம் பெண்கள் தலையில் இறங்கியது. எங்க ஆயா அந்தத் தலைமுறை.

"எங்கிட்ட கேட்டாங்க. மூணு புள்ள போதும்னு நானே கைநாட்டு வெச்சேன். இதுகிட்ட யாரு கேட்டா?"

அதுக்கு எங்கிட்ட நேர் பதில் இல்லை. ஜூலியால கையெழுத்து போட முடியாது. நாம முடிவு பண்ணாம விட்டாலும் அதுவும் அவகிட்ட கேக்காம நடக்கிறதுதான். கேட்டைத் திறந்து வெச்சா அந்த ஏழும் கேக்கப் போறதில்லை. அதைத்தான் சொன்னேன். கூடவே ஒரு வித்தியாசமும் சொன்னேன். பெண்களுக்குக் குழாயை மட்டும் கட்டுவாங்க. நாய்க்குச் சினைப்பையும் கருப்பையும் எடுத்துடுவாங்க, அதனால திரும்ப ஹீட்டே வராது. ஆயா ரொம்ப நேரம் ஜூலி தலையைத் தடவிட்டே இருந்தாங்க. "சரி, நானும் வரேன்"ன்னாங்க.

ஹீட் சமயத்துல அந்தப் பகுதியில ரத்த ஓட்டம் அதிகம், அதனால ரெண்டு மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. அந்த இடைவெளியில ரேபிஸ் ஊசி, லைசன்ஸ், மைக்ரோசிப். நாயைக் கார்ப்பரேஷன்ல பதியணும்னு சொன்னதும் ஆயா சிரிச்சாங்க: "திரும்பவும் பட்டை கட்டச் சொல்றானா?" ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஜூலிக்குச் சாப்பாடு போடக்கூடாதுன்னதைத்தான் அவங்களால தாங்கவே முடியல. தானும் சாப்பிடாமப் படுத்துட்டாங்க.

ஜூலி நல்லா இருக்கா. கழுத்துல கூம்பு மாட்டி பத்து நாள் வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளினா, அவ்வளவுதான். போன வாரம் ராத்திரி எழுந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியே எங்க தெரு நாய் ரெண்டும் சுருண்டு தூங்கிட்டு இருந்துது. அதுல ஒண்ணுக்குக் காதுல வெட்டு இருக்கு. கருத்தடை முடிஞ்சதுன்னு கார்ப்பரேஷன் போடுற அடையாளம். இன்னொண்ணுக்கு இல்லை. அது பொட்ட நாய். இந்த மாசம் அதுக்காக மாநகராட்சிக்கு போன் போடணும்னு ஆயா எனக்குத் தினமும் ஞாபகப்படுத்திட்டே இருக்காங்க.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட நாய் வண்டி பத்திக் கேட்டுப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.